கருவேலத்தின் பெயர் போன கதை

நாமகரணத்தில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. ஒரு மரத்துக்குப் பெயர் வைப்பது அவ்வளவு சுலபமில்லை, நண்பர்களே.

நம்ம நெடுஞ்சாலை ஓரத்தில் வளரும் அக்கேசியாவைப் பார்த்திருப்பீங்க. அதில் நாம் இலை என்று நினைப்பது இலையே இல்லை, தட்டையாகிப்போன காம்பு. முளைத்த புதிதில் தொட்டாற்சுருங்கி மாதிரி இலை விடும், அப்புறம்தான் காம்பு அகலமாகும். இதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா, நியூகினி பக்கம். ஆஸ்திரேலியர்கள் இந்த வகை மரங்களை 'வாட்டில்' என்பார்கள். அங்கே ஏறக்குறைய ஆயிரம் இனம் இருக்கு.

2000-ஆம் ஆண்டில் மெக்டொனால்ட், மாஸ்லின் என்ற இரு ஆய்வாளர்கள், 'அக்கேசியா அவுலாக்கோகார்ப்பா' என்று ஒரே பெயரில் கிடந்த மரங்களைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். நியூகினியில் வளரும் ஒன்றுக்கு 'பெரெகிரினா' என்று பெயர். லத்தீனில் அயல்நாட்டவள் என்று பொருள்.

சரி, பிரித்த பிறகு பழைய பெயர் யாருக்கு? இங்கேதான் விதி வருது. ஒவ்வொரு பெயரும், தாவரக் காப்பகத்தில் உலர்த்தி வைத்த ஒரே ஒரு மாதிரிக் கிளையோடு கட்டப்பட்டிருக்கும். பாரிஸ் அருகே வைத்திருந்த உலோகக் கட்டிதான் 2019 வரை 'ஒரு கிலோ' என்றிருந்ததே, அதே மாதிரி. மாதிரிக் கிளை எந்தப் பிரிவில் விழுதோ, பழைய பெயர் அதற்கே. மற்றவற்றுக்குப் புதுப் பெயரும் விளக்கமும் எழுதி வெளியிடணும். 2011 முடியும் வரை அந்த விளக்கம் லத்தீனில்தான் இருக்கணும். இப்போது ஆங்கிலமும் போதும்.

பேரினத்துக்கும் இதே விதிதான். 'அக்கேசியா' 1754-இல் மில்லர் அமைத்த பேரினம். அதன் மாதிரி இனம் நம்ம கருவேலம். எல்லாம் ஒரே பேரினம் இல்லை என்று மரபணு ஆய்வில் தெரிந்ததும், விதிப்படி பெயர் கருவேலத்துக்கே போயிருக்கணும். ஆனால் மாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய மரத்துக்கு மாற்றலாம் என்று 2003-இல் முன்மொழிந்தார்கள்.

2005, வியன்னா மாநாடு. எதிர்த்து 247 ஓட்டு, ஆதரித்து 203. எதிர்த்தவர்கள்தான் அதிகம், ஆனாலும் தோற்றார்கள்! குழுவின் பரிந்துரையைக் கவிழ்க்க 60 விழுக்காடு வேணும், கிடைத்தது 54.9. 2011 மெல்பர்ன் மாநாடும் அதையே உறுதி செய்தது.

ஆயிரம் பெயரை மாற்றுவதைவிட நூற்று அறுபது சொச்சத்தை மாற்றுவது வசதி என்று எனக்கும் புரியுது. ஆனாலும் அந்த ஓட்டுக் கணக்கை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியலை.

கருவேலம் இப்போது 'வச்செலியா நிலோட்டிகா'. பழைய மூலிகைப் புத்தகத்தில் 'அக்கேசியா நிலோட்டிகா' என்று பார்த்தால் வேறு மரமோ என்று குழம்ப வேண்டாம். அதே மரம்தான்.