கடிகாரமும் படிக்கல்லும்



செமினியிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லோரிக்காரர் இன்று கைப்பேசியைப் பார்த்தே வழி அறிகிறார். வழி சொல்வது வரைபடம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு ஆதாரம் கடிகாரமே.

அது எவ்வாறெனில், சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவை காட்டும் நேரம் வானொலி அலையாக வருகிறது. வந்து சேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அலை விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும்.

பிறர் படிக்கல்லை நம்பி வாணிபம் செய்வோன் அவர் தயவில் இருப்பவனே. 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. ரஷ்யா, சீனா, ஐரோப்பா ஆகியவை தத்தம் ஏற்பாட்டைச் செய்துகொண்டன.

இந்தியாவும் 2013 ஜூலையில் தன் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளை ஏவியது. ஆயினும் அதிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் வெளிநாட்டவை. மூன்றுமே பழுதாயின. கோள் வானில் இருந்தும் இடம் காட்ட இயலவில்லை. பின்னர், 2023 மே 29 அன்று ஏவிய கோளில் இந்தியா தானே செய்த கடிகாரத்தை வைத்தது.

கடை சொந்தமானால் போதாது. படிக்கல்லும் சொந்தமாக வேண்டும் என்பதே இதன் பாடம். நாமும் கைப்பேசியை மட்டும் நம்பாமல், பாதை தெரிந்த ஓட்டுநரையும் கையால் எழுதும் பில் புத்தகத்தையும் கைவிடாதிருப்போமாக.