கம்பியில்லா ஒலிவாங்கிகளும் ஆண்டெனாப் பகிர்வும்

பேச்சாளர் கையிற் கம்பி பூட்டாத ஒலிவாங்கியைக் கொடுத்து, அவர் மேடையெங்கும் உலாவிப் பேசக் கேட்டல் இக்காலத்து மண்டபங்களிற் பெருவழக்காயிற்று. ஆயின் அவ்வசதியுடன் ஓரிடரும் கூடவே வந்தது. "இவர் குற்றவாளி அல்லர்" என்று ஒருவர் கூற, கடைச்சொல் மட்டும் காற்றில் அற்றுப்போமாயின், கேட்போர்க்குப் பொருள் முற்றும் தலைகீழாகிவிடும். இவ்வாறு ஒலி அறுந்தறுந்து வருமிடத்து, ஒலிவாங்கியையே பழித்து வேறொன்று வாங்கப் பொருள் செலவிடுதல் பலரது இயல்பு. குறையோ பலகால் ஒலிவாங்கியின்கண் அன்று. அலையை ஏற்கும் ஆண்டெனாவை நிறுத்திய இடத்திலும், ஏற்ற அலையைப் பல ரிசீவர்களுக்குப் பங்கிட்ட முறையிலுமே உள்ளது. அம்முறை யாதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

அலையின் இயல்பு

ஒலிவாங்கியினுள் அமைந்த சிறு டிரான்ஸ்மிட்டர், பேச்சை வானொலி அலையின்மீது ஏற்றி அனுப்புகின்றது. 500 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய அலையின் நீளம் 60 சென்டிமீட்டர் ஆகும். இவ்வலை ஆண்டெனாவுக்கு நேரே வருவதோடமையாது, சுவரிலும் கூரையிலும் இரும்புத் தூண்களிலும் பட்டுத் திரும்பியும் வருகின்றது. நேரே வந்த அலையின் முகடும் திரும்பி வந்த அலையின் பள்ளமும் ஓரிடத்துச் சேருமாயின் ஒன்றையொன்று அழித்துவிடும். பேசுவோர் ஓரடி நகர்ந்த அளவிலே ஒலி அற்று, மற்றோரடி நகர்ந்தவுடன் மீண்டும் தோன்றுதற்குக் காரணம் இதுவே.

இதற்குப் பரிகாரமாகவே ரிசீவர் ஒவ்வொன்றிலும் 'ஏ', 'பி' என இரண்டு ஆண்டெனா முனைகள் வைத்தனர். ஓர் ஆண்டெனாவில் அலை அழிந்த அக்கணத்தில் மற்றதில் அஃது அழியாதிருத்தல் கூடும். ரிசீவர் நல்லதனைத் தெரிந்துகொள்ளும். இவ்விரண்டிற்கும் இடைவெளி கால் அலைநீளம், அதாவது 15 சென்டிமீட்டராயினும் இருத்தல் வேண்டும். ஓர் அலைநீளமோ அதனின் மிக்கதோ இருப்பின் மிக நன்று.

பகிர்வு வேண்டுவது ஏன்?

ஒரு மண்டபத்தில் நான்கு ஒலிவாங்கிகள் உளவெனக் கொள்வோம். ரிசீவர்கள் நான்கு, அவற்றின் ஆண்டெனாக்கள் எட்டு. இவ்வெட்டும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் நெருங்கி நிற்குமாயின், ஒன்றையொன்று மறைத்தும் இரும்பால் மறைப்புண்டும் தம் ஆற்றலை இழக்கும். இவற்றை நீக்கி, நல்ல ஆண்டெனாக்கள் இரண்டை மட்டும் நல்லிடத்து நிறுத்தி, அவை ஏற்ற அலையை நான்கு ரிசீவர்களுக்கும் பங்கிடுவதே பகிர்வு முறையாம்.

பங்கிடின் அளவு குறையுமன்றோ? இரண்டாகப் பங்கிடும்போது ஒவ்வொரு பங்கும் பாதியாகும். இதனை 3 டெசிபெல் இழப்பென்பர். நான்காகப் பங்கிடின் கால் பங்கு. இழப்பு 6 டெசிபெல். மின்சாரம் வேண்டாத எளிய ஸ்பிளிட்டர், ரிசீவர்கள் இரண்டேயாயின் போதும். அதற்கு மேற்படின், பகிர்வுக்கு முன்னரே அலையைச் சிறிது உயர்த்தி, பகிர்வால் நேரும் இழப்பை ஈடுசெய்யும் மின்சாரப் பகிர்வுக் கருவி வேண்டும். ஈண்டுக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. இக்கருவி அலையைப் பெருக்கித் தருவதன்று; முதலுக்கு நட்டமின்றிப் பங்கிட்டுத் தருவது மட்டுமே. வந்தது எவ்வளவோ அவ்வளவே ஒவ்வொரு வாயிலிலும் வெளிவருதல் வேண்டும். ஆண்டெனாவுக்கு எட்டாத அலையைப் பகிர்வுக் கருவி படைத்துத் தராது.

அமைக்கும் முறை

முதலாவது, அலைவரிசையைத் தேர்தல். ஒலிவாங்கி, ஆண்டெனா, பகிர்வுக் கருவி மூன்றும் ஒரே அலைவரிசைக்கு உரியனவாய் இருத்தல் வேண்டும். அவ்வரிசை அவ்வந்நாட்டுச் சட்டத்துக்கும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையில் ஒலிவாங்கிகள் 2010 ஜூன் 12-க்குப் பின் விலக்கப்பட்டன; 600 மெகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி 2020 ஜூலை 13-க்குப் பின் விலக்கப்பட்டது. அதனால் அங்குப் பழுதில்லாத கருவிகள் பலவும் பயனற்றுப்போயின.

இரண்டாவது, ஆண்டெனாவின் இடம். பேசுவோரும் ஆண்டெனாவும் ஒருவரையொருவர் காண்பதுபோல இடையில் மறைப்பின்றி இருத்தல் வேண்டும். மானிட உடல் பெரும்பாலும் நீராதலின் இவ்வலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் கூட்டத்தினர் தலைக்கு மேலாக ஆண்டெனாக்களை உயர்த்தி நிறுத்துக. இரும்புச் சட்டங்களுக்கும் ஒளித்திரைகளுக்கும் அணுக்கமாக நிறுத்தற்க. ஒருதிசை நோக்கும் ஆண்டெனாவாயின் அதன் முகத்தை மேடைக்கு நேராகத் திருப்புக.

மூன்றாவது, கேபிள். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 30 மீட்டர் நீளத்தில், 500 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஏறத்தாழ 11 டெசிபெல்லை விழுங்கிவிடும். பத்து டெசிபெல் இழப்பென்பது பத்திலொரு பங்கே எஞ்சுதலாம். பத்து மில்லிமீட்டர் பருமனுள்ள குறையிழப்புக் கேபிளோ அதே நீளத்தில் ஏறத்தாழ 3 டெசிபெல்லே இழக்கும். ஆதலின் விலையுயர்ந்த கருவியை நாடுமுன் நல்ல கேபிளை நாடுதல் அறிவுடைமை. மிஞ்சிய நீளத்தைச் சுருட்டி வைத்தலினும் வேண்டிய அளவிற்கு நறுக்கிக்கொள்ளுதலே மேல்.

நான்காவது, பூஸ்டர். கேபிளின் இழப்பு மிகுதியாயின் மட்டுமே இதனைச் சேர்த்தல் தகும். சேர்க்குமிடம் ஆண்டெனாவின் அருகே. ரிசீவரின் அருகே அன்று. கேபிளிற் கரைந்து மெலிந்த அலையைப் பின்னர்ப் பெருக்கின், அதனுடன் இரைச்சலும் பெருகும். இழப்பு 11 எனின் 10 டெசிபெல் பூஸ்டர் தக்கது. இழப்பு 3 எனின் பூஸ்டரே வேண்டா. தேவைக்கு மேற்பட்ட பெருக்கம் ரிசீவரைத் திணறச் செய்து, இல்லாத அலைகளைத் தோற்றுவிக்கும். பல பூஸ்டர்கள் பகிர்வுக் கருவியிலிருந்து கேபிள் வழியாகவே 12 வோல்ட் நேர்மின்சாரம் பெறுவன. இடையில் வைத்த ஸ்பிளிட்டர் அதனைத் தடுக்குமாயின் பூஸ்டர் வேலை செய்யாது.

ஐந்தாவது, இணைப்பு. 'ஏ' ஆண்டெனாவின் வழி எல்லா ரிசீவர்களின் 'ஏ' முனைக்கும், 'பி' ஆண்டெனாவின் வழி 'பி' முனைக்குமே செல்லல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பின் இரண்டு வைத்ததன் பயன் கெடும். எளிய ஸ்பிளிட்டரில் வெறுமையாயுள்ள வாயில்களை 50 ஓம் முடிப்பான் கொண்டு மூடுக.

ஆறாவது, அதிர்வெண்களை ஒதுக்கல். 500.0, 500.4 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இரண்டு கலக்குமிடத்து 499.6, 500.8 என்னும் பொய்யலைகள் பிறக்கலாம். மூன்றாவது ஒலிவாங்கியை 500.8-இல் வைப்பின் அப்பொய்யலை அதனைத் தாக்கும். எனவே சம இடைவெளியை விலக்குக.

சோதனை

எல்லா ஒலிவாங்கிகளையும் நிறுத்திவிட்டு ரிசீவர்களின் அலைமானிகளை முதலில் நோக்குக. முள்ளோ விளக்கோ எழுமாயின் அவ்விடத்தில் அயலலை உளது. அடுத்து, ஒலிவாங்கி ஒன்றை ஓரிடத்தில் அசையாது வைத்து, ஆண்டெனாக் கேபிளை ரிசீவரில் நேரே பூட்டி அளவைக் குறித்துக்கொள்க. பின்னர்ப் பகிர்வுக் கருவியை இடையில் வைத்து மீண்டும் அளந்து பார்க்க. இரண்டளவும் ஏறக்குறைய ஒத்திருப்பின் கருவி தன் கடமையைச் செய்கின்றது. ஈற்றில் எல்லா ஒலிவாங்கிகளையும் இயக்கி, ஒருவர் மேடையின் மூலைமுடுக்கெல்லாம் பேசிக்கொண்டே நடக்க, மற்றொருவர் கேட்டிருந்து ஒலி அறுமிடங்களைக் குறிக்க. மண்டபம் நிறைந்தபின் அலை இன்னும் மெலியுமாதலின், வெறும் மண்டபத்தில் அரைகுறையாய் வருவது போதுமென அமைதல் தகாது.

இதுகாறுங் கூறியவற்றால், நல்லிடத்து நின்ற ஆண்டெனாவும் நல்ல கேபிளும் முதன்மையானவை என்பதும், பகிர்வுக் கருவி அவை ஈட்டியதைக் குறையாமற் பங்கிடும் நேர்மையான கணக்கனே என்பதும் விளங்கும். ஈட்டாததைக் கணக்கன் எங்ஙனம் பங்கிடுவான்? இவ்வொழுங்கை அறிந்து அமைப்பின், புதுக் கருவிக்கு ஆகும் பணம் மிஞ்சும். மேடையிற் கூறிய சொல் கடைசி வரிசையில் இருப்போர்க்கும் கூறியவாறே சென்று சேரும்.