மல்லரும் நகைச்சுவையும்

பஞ்சாபின் தர்முசக் என்னும் சிற்றூரில் 1928ஆம் ஆண்டு பிறந்தவர் தாரா சிங். ‘கிங் காங்’ என்னும் பேருருவ மல்லரை மற்போரில் வென்று புகழ் பெற்றார். 1968இல் உலக வாகையர் பட்டமும் சூடினார்.

மற்களத்தில் அச்சமூட்டிய அவ்வுடல், கலையிலும் அவருக்குக் கைகொடுத்தது. இந்திப் படங்களில் நாயகராக நடித்த அவர், 1985இல் மலையாளத் திரைக்கும் வந்தார். சிபி மலயில் இயக்கிய முதற்படமாகிய ‘முத்தாரங்குன்னு பி.ஓ.’ ஒரு நகைச்சுவைப் படம். மற்போரில் பெரும்பற்றுக் கொண்ட தந்தை ஒருவர். மற்போர் அறியாத, மருமகனாக விரும்பும் இளைஞன் ஒருவன். இவர்களிடையே நிகழும் அக்கதையில், தாரா சிங் தாராசிங்காகவே தோன்றினார். சிரிப்பினிடையே நின்றதால் அவர் பெருமை குன்றவில்லை, வளர்ந்தது. ஈராண்டுகளுக்குப்பின், ‘இராமாயணம்’ தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்து இல்லந்தோறும் அறிமுகமானார்.

சித்தூரில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை. அவ்வாறே ஒருவரிடம் வலிமையும் நகைச்சுவையும் இணைந்து வாழலாம். பிறரைச் சிரிக்கவைக்கத் தம் பெருமிதத்தைச் சற்றே இறக்கிவைப்பதற்கும் துணிவு வேண்டும்.

வினாக்கள்
1. தாரா சிங் எப்படத்தில் தாமாகவே தோன்றினார்?
2. சிரிக்கவைக்கத் துணிவு ஏன் வேண்டும்? உம் சொற்களில் எழுதுக.