கழுத்துக்கு முறம் கட்டாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு தொந்தரவு. ஒன்று கம்பம் பள்ளத்தாக்கின் வெயில். இன்னொன்று, வீரபாண்டித் திருவிழாவுக்குள் ரவிக்கை வேண்டும் என்று வந்து நிற்கிற கூட்டம். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். துணிப்பையை மேஜைமேல் வைத்த கையோடு, "அக்கா, போன தடவ கழுத்து தொளதொளன்னு போச்சு. இந்தத் தடவ நல்லா தடிப்பா கேன்வாஸ் வச்சிருங்க" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சின்னமனூர்க்காரரும் இதையே சொல்கிறார், கூடலூரிலிருந்து வருகிறவரும் இதையே சொல்கிறார். தையல் படிக்க வருகிற பிள்ளைகள் கத்திரி பிடிக்கத் தெரிவதற்கு முன்பே இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

உள்ளே விறைப்புக்குத் தடித்த கேன்வாஸ் பட்டை வைத்தால் கழுத்து நிற்குமாம். நிற்கும்தான், ஹேங்கரில். உடம்பில் நிற்காது.

போன வருடம் ஒரு அம்மா ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து என்முன் விரித்தார். மயில்கழுத்து நிறம், நல்ல டூ பை டூ ரூபியா. வேறெங்கோ தைத்தது. கழுத்தைச் சுற்றி ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு, பைக்கும் பெல்ட்டுக்கும் வைக்கிற கேன்வாஸை வைத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு விரலால் தோளைப் பிடித்துத் தூக்கினேன். கழுத்து மட்டும் முறம் மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது, மற்றதெல்லாம் கீழே துவண்டது. கேன்வாஸ் முடிகிற விளிம்பில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் ஒரு மடிப்பு. அந்த மடிப்பில் துணி ஏற்கெனவே நைந்து, நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. அவர் போட்டுக் காட்டினார். முதுகுப் பக்கம் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் என் மூன்று விரல் தாராளமாகப் போனது. எது விலகக் கூடாது என்று கேன்வாஸ் வைத்தார்களோ அது அப்படியே விலகி நின்றது, முன்னைவிட விறைப்பாக.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கக் கால் ரூபாய் செலவில்லை. ரவிக்கைத் துணியில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு வெட்டி, அதில் பாதிக்கு மட்டும் தடித்த கேன்வாஸ் ஒட்டுங்கள். மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். கேன்வாஸ் உள்ள பாதி பலகையாக நிற்கும், இல்லாத பாதி கதவுக் கீல் போலக் கேன்வாஸ் விளிம்பிலேயே மடிந்து தொங்கும். இன்னொரு துண்டில் இதேபோல் மெல்லிய கேன்வாஸை ஒட்டிப் பார்த்தால் துணி வளைந்து இறங்கும், மடியாது. ரவிக்கையும் உடம்பு வளைகிற இடத்தில் வளைய வேண்டும். கேன்வாஸின் எடை துணியின் எடையைத் தாண்டக் கூடாது என்று எல்லாத் தையல் வகுப்பிலும் சொல்லித்தான் தருகிறார்கள். சொல்லித் தந்தது காதில் ஏறினால்தானே.

சரி, கழுத்து விலகுவது எதனால்? பத்துக்கு எட்டு ரவிக்கையில் வெட்டினதும் கையாண்டதும்தான் காரணம். நம் ஆண்டிபட்டி, சக்கம்பட்டி நெசவாளரிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்: பாவும் ஊடையும் நேராக இருக்கிற இடத்தில் துணி இழுபடாது, குறுக்கே இழுத்தால் இழுபடும். கழுத்து வளைவைப் பாருங்கள். தோள் பக்கம் பாவு நேராக ஓடுகிறது. கீழே நடுவில் ஊடை நேராக ஓடுகிறது. இடைப்பட்ட வளைவில், வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று, துணி கிராஸாக ஓடுகிறது. வெட்டிய துண்டை ஆணியில் மாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தாலே அந்த இரண்டு இடமும் கொஞ்சம் நீண்டுவிடும். நீண்ட கழுத்தின்மேல் கேன்வாஸை ஒட்டினால் என்ன ஆகும்? நீண்டது நீண்டபடியே கெட்டிப்படும். கோணலாகப் போன சுவருக்கு சிமெண்டு பூசின கதை.

ஆகவே கத்திரியைக் கீழே வைத்த உடனே கழுத்து விளிம்பிலிருந்து அரைக்கால் இஞ்ச் உள்ளே, தோளிலிருந்து நடுவரைக்கும் ஒரு ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு அடுத்த தோளிலிருந்து நடுவரைக்கும் இன்னொன்று. ஒரே இழுப்பில் சுற்றி வரக் கூடாது, ஒரு பக்கம் இழுபட்டுப் போகும். இதற்கு ஆகிற நேரம் இரண்டு நிமிஷம். கேன்வாஸ் வாங்கக் கடைக்குப் போய்வரும் நேரத்தில் இருபது ரவிக்கைக்குப் போட்டுவிடலாம்.

அடுத்தது அளவு. கேன்வாஸ் கையில் எடுக்கும் முன்பு ரவிக்கையை ஓட்டுத் தையலில் கோத்து உடம்பில் போட்டுப் பாருங்கள். முதுகில் விலகினால் கழுத்து அகலம் அதிகம் என்று அர்த்தம், அல்லது தோள் சரிவு அந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். விலகுகிற துணியை விரலால் கிள்ளிப் பிடித்துத் தோள் தையலுக்குக் கொண்டுபோங்கள். அங்கே கழுத்து ஓரமாகக் கால் இஞ்ச் பிடித்தாலே பாதி ரவிக்கைகள் ஒட்டி உட்கார்ந்துவிடும். தோளை அளக்காமல் பழைய ரவிக்கையை வைத்து வெட்டிவிட்டு, அந்தத் தப்பைக் கேன்வாஸ் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். நம் தொழிலில் உள்ளவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடித்த கேன்வாஸ் என்கிற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பானைக் கழுத்து, போட் நெக் என்று வடிவம் வெட்டுகிற வழக்கம் பரவியதும் விளிம்பு கோடு பிசகாமல் நிற்கக் கேன்வாஸ் வந்தது. ஆரி வேலையின் கல்லும் மணியும் கனம், அதைத் தாங்கவும் ஏதாவது வேண்டும். அதுவரை நியாயம். அந்த நியாயத்தைத் தினப்படி கட்டுகிற சுங்குடிச் சேலை ரவிக்கைக்கும் இழுத்துவந்ததுதான் கோளாறு. திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் விடிகாலை ஜீப் ஏறிப் போகிற பெண்ணின் கழுத்தைச் சுற்றி, வியர்வை இறங்காத பட்டை ஒன்றைக் கட்டிவிடுகிறோம். வேர்க்குரு வந்தால் பவுடர் போடச் சொல்கிறோம்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. நம் கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், கேன்வாஸ். காகிதம் மாதிரி இருப்பது நெய்யாத துணி. இழைகளைப் பரப்பிப் பிணைத்துச் செய்வது. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரிலுள்ள ஃப்ராய்டன்பர்க் நிறுவனம் 1948இல் ஃப்லீஸெலின் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கோட்டுக்கு உள்ளே லினன், குதிரைமயிர் சேர்த்து நெய்த துணி போன்றவற்றைத்தான் பெரும்பாலும் வைத்தார்கள். நெய்த கேன்வாஸ் வேறு, பக்ரம் வேறு. "கேன்வாஸ் கால் மீட்டர்" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டியதைக் கிழித்துச் செய்தித்தாளில் சுற்றித் தருவார். காகிதக் கேன்வாஸ் சதுர மீட்டருக்கு 25, 30 கிராம் எடையிலும் கிடைக்கிறது. தடித்த ரகம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் இருக்கும். உங்கள் துணியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், கேன்வாஸை அதனடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து விரலிடையில் மடக்கிப் பாருங்கள். விரலுக்குப் பிடித்தால் வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும்.

ஒட்டுக் கேன்வாஸ் குமிழ் விடுவது மட்டமான சரக்கு என்பதால் என்கிறார்கள். சில சமயம் உண்மை. பெரும்பாலும் இஸ்திரியின் பிழை. பிசின் பிடிக்க மூன்று வேண்டும்: சூடு, நேரம், அழுத்தம். நாம் என்ன செய்கிறோம்? சட்டை தேய்க்கிற மாதிரி மேலும் கீழும் இழுக்கிறோம். இழுக்கக் கூடாது. ஓர் இடத்தில் வைத்து அழுத்தி, பத்துப் பதினைந்து விநாடி எண்ணி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முடிந்ததும் ஆறும்வரை துணியைத் தொடக் கூடாது. உருகின பிசின் இறுகுவதே ஆறும்போதுதான். சட்டைக் காலருக்கு ஆலைகளில் பயன்படுத்துகிற பாலிஎத்திலீன் பிசின் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகுவது. உருகினாலும் பலத்த அழுத்தம் இல்லாமல் துணிக்குள் இறங்காது. ஒரு கிலோகூடத் தேறாத வீட்டு அயர்ன்பாக்ஸால் அதை ஒட்டிவிட்டு, ஆற்றங்கரையில் துவைகல்லில் நாலு அடி அடித்தால் வராமல் என்ன செய்யும்? எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரின் கரிப்பெட்டி ஐந்து கிலோவுக்குக் குறையாது. காலருக்குக் கேன்வாஸ் ஒட்ட நான் அவரிடம்தான் கொடுக்கிறேன். மேலே ஈரத் துணி போட்டு அழுத்திக் கொடுப்பார். பாலியஸ்டர் துணியை மட்டும் அவரிடம் கொடுப்பதில்லை. கரியின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகி ஏது.

குமிழுக்கு இன்னொரு காரணம் சுருக்கம். பருத்தி சுருங்கும், காகிதக் கேன்வாஸ் சுருங்காது. மூன்றாவது துவையலில் துணி உள்ளே வாங்கும், கேன்வாஸ் அப்படியே நிற்கும், நடுவில் காற்றுதான். துணியை முதலில் ஒரு இரவு தண்ணீரில் போட்டு உலர்த்தித் தேய்த்த பிறகு வெட்டுங்கள். நெய்த பருத்திக் கேன்வாஸ் என்றால் அதற்கும் இதே குளியல். பட்டு ரவிக்கையா? பட்டின்மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். லைனிங்கில் ஒட்டுங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. காகிதக் கேன்வாஸை எப்படித் திருப்பி வெட்டினாலும் ஒன்றுதான் என்பது பாதி சரி. நீளத்திலும் அகலத்திலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சில ரகம் ஒரு பக்கம் கொடுக்கும். ஒட்டிவிட்டால் தைக்க வேண்டாம் என்பது தப்பு, விளிம்பு தையலில் மாட்ட வேண்டும். தடித்ததாக இருந்தால் மட்டும் தையலுக்கு விட்ட இடத்தில் கத்தரித்துவிடுங்கள். கஞ்சி போட்டால் கேன்வாஸ் எதற்கு என்கிற பாட்டிகளுக்கு ஒன்று: கஞ்சி அடுத்த துவையலோடு போய்விடும். இந்தக் கதைதான் பக்ரத்துக்கும். அது பசை ஏற்றி விறைப்பாக்கிய துணி, தண்ணீர் பட்டால் தளர்ந்துவிடும். திரைச்சீலைத் தலைப்புக்கு வையுங்கள், கழுத்துக்கு வேண்டாம்.

கேன்வாஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. கொக்கிப் பட்டிக்கு வேண்டும், கொக்கி இழுத்து இழுத்து ஓட்டை விழும். சட்டைக் காஜாவுக்கு அடியில் வேண்டும். காலருக்குக் கட்டாயம் வேண்டும். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்களே, அந்தச் சட்டையில் ஒன்றின் காலரைப் பிரித்துப் பாருங்கள். மேல்துணி நைந்து கிழிந்திருக்கும், உள்ளே கேன்வாஸ் அசையாமல் இருக்கும். அந்தக் காலத்தில் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டினார்கள்.

ரவிக்கைக் கழுத்துக்கு என் கட்சி வேறு. அதே துணியில் ஒரு பட்டி, பாவு நேராக வெட்டி உள்ளே வைத்துத் தையுங்கள். துணி போதவில்லை என்றால் மெல்லிய காடாத் துணி. டி. சுப்புலாபுரம், சக்கம்பட்டி என்று பருத்தி நெய்கிற ஊர்களை வைத்துக்கொண்டு, எங்கேயோ செய்த பிளாஸ்டிக் நாரைக் கழுத்தில் கட்டிக்கொள்ள எனக்கு மனசாகவில்லை. ஒரு மீட்டர் கைத்தறித் துணியை வாங்கி, கொதிநீரில் ஊறவைத்து, உலர்த்தி, சுருட்டி வைத்துக்கொண்டால் பத்து ரவிக்கைக்கு மேல் வரும். வியர்வையைக் குடிக்கும். துணி சுருங்கும்போது கூடவே சுருங்கும். இதைச் சொன்னால் "அக்கா நெசவாளர் சங்கத்துல சேந்துட்டாங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த மயில்கழுத்து ரவிக்கையைப் பிரித்து, கேன்வாஸை உரித்து எடுத்து, தோளில் கால் இஞ்ச் பிடித்து, காடாப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா போட்டுப் பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் தடவிப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கேன்வாஸ்தான் வைக்கலையே, கூலி குறைச்சுக்குவீங்களா?"

குறைக்கவில்லை. அந்த இரண்டு நிமிஷ ஓட்டுத் தையலுக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன்.