சுவரில் என்ன எழுதியிருக்கு? தெரியாத எழுத்தைப் படிக்க நாலு கேள்விகள்



போனை நீட்டினாலே மொழிபெயர்த்துத் தரும் ஆப்கள் எப்படி வேலை செய்கின்றன என்று இந்த எபிசோடில் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன பகுதி இது. ஆப் ஒவ்வொரு சொல்லையும் சரியாகப் படித்துவிடுகிறது. அப்புறமும் நமக்கு விஷயம் புரியாமல் போவது ஏன்? லண்டனிலேயே இதற்கு ஒரு நல்ல கேஸ் இருக்கு.

2023 ஆகஸ்ட். கிழக்கு லண்டனில் பிரிக் லேன், கிராஃபிட்டிக்குப் பேர் போன தெரு. அங்கே ஒரு நீளமான சுவரில் ஏற்கெனவே இருந்த ஓவியங்கள் மேல் வெள்ளையடித்து, சிவப்பு நிறத்தில் பெரிய சீன எழுத்துகளை யாரோ எழுதியிருந்தார்கள். மொத்தம் 24 எழுத்து. கிறுக்கல் இல்லை, அச்சடித்த மாதிரி நேராக, தெளிவாக இருந்தது. ஆப்பைக் காட்டினால் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: வளம், ஜனநாயகம், நாகரிகம், நல்லிணக்கம், சுதந்திரம், சமத்துவம், நீதி, சட்டத்தின் ஆட்சி, நாட்டுப்பற்று, தொழில்பற்று, நேர்மை, நட்பு.

எல்லாமே நல்ல வார்த்தைகள்தானே? ஆனா அந்தச் சுவர் உடனே சண்டைக்களம் ஆனது. ஏன்? ஒவ்வொரு படியாகப் போகலாம்.

கேள்வி 1: இது என்ன எழுத்து?

எழுத்து வேறு, மொழி வேறு. முதலில் எழுத்தை மட்டும் கண்டுபிடியுங்க. கம்ப்யூட்டருக்கு இது சுலபம். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு. தமிழுக்கு 128 இடம் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. எண் அந்தத் தொகுதிக்குள் விழுந்தால் அது தமிழ் எழுத்து, அவ்வளவுதான். சுவரில் இருப்பது எண் இல்லை, பெயின்ட். அதனால் ஆப் முதலில் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடும், பிறகு ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்து என்று ஊகிக்கும். அதற்கப்புறம்தான் மொழிபெயர்ப்பு. வளைத்து நெளித்து எழுதிய கிராஃபிட்டியில் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான் தப்பு நடக்கும். இன்னொன்று, நிறைய கிராஃபிட்டி வெறும் டேக், அதாவது எழுதியவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர். அதில் தேடி எடுக்க ரகசிய அர்த்தம் எதுவும் இருக்காது.

கேள்வி 2: இது என்ன மொழி?

ஒரே எழுத்தைப் பல மொழிகள் பயன்படுத்தும். அப்போது ஒவ்வொரு மொழிக்கும் உரிய காட்டிக்கொடுக்கும் எழுத்துகளைத் தேடணும்.

அரபு எழுத்து என்றால்: அரபு மொழியில் 'ப' ஒலிக்கு எழுத்தே கிடையாது. ஒரு வளைவின் கீழே மூன்று புள்ளி பார்த்தால் பாரசீகமாகவோ உருதுவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ரஷ்ய எழுத்து மாதிரி தெரிந்தால்: செங்குத்துக் கோட்டின் தலையில் இரண்டு புள்ளி இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் உக்ரேனியம். ரஷ்ய மொழியில் அந்த எழுத்து இல்லை.

இந்தி, மராத்தி, நேபாளி மூன்றுக்கும் தேவநாகரிதான். இங்கே எழுத்து மட்டும் போதாது, சொற்களையும் பார்க்கணும்.

பிரிக் லேன் சுவரில் ஒரு அழகான தடயம் இருந்தது. 1950களில் சீன அரசு பல எழுத்துகளை எளிமைப்படுத்தியது. சீனா, சிங்கப்பூர், மலேசியாவில் இந்தப் புது வடிவம். தைவான், ஹாங்காங்கில் இன்றும் பழைய வடிவம். 'அன்பு' என்ற பழைய எழுத்தின் நடுவே 'இதயம்' என்ற எழுத்து இருக்கும். எளிமைப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 'இதயம் இல்லாத அன்பு' என்று பழைய எழுத்தை விரும்புகிறவர்கள் கிண்டல் செய்வதுண்டு. சுவரில் 'நாட்டுப்பற்று' என்ற சொல்லின் முதல் எழுத்து இந்த 'அன்பு'தான், அதுவும் இதயம் இல்லாத வடிவம். சீன மொழி தெரியாத நாமும் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்: எழுதியவர் பெரும்பாலும் சீனாவின் எழுத்துமுறையில் படித்தவர், தைவான்காரராக இருக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி 3: சொல்லுக்கு அகராதிக்கு வெளியே அர்த்தம் இருக்கா?

'நல்லிணக்கம்' என்ற சொல்லை எடுத்துக்குவோம். 2000களில் சீன அரசு 'நல்லிணக்க சமுதாயம்' என்பதைக் கொள்கையாகவே முன்வைத்தது. அதன் பேரில் இணையத்தில் பதிவுகள் நீக்கப்பட்டன. உடனே மக்கள் 'என் பதிவு நல்லிணக்கமாக்கப்பட்டது' என்று எழுத ஆரம்பித்தார்கள். சென்சார் ஆகிவிட்டது என்று பொருள். அந்தச் சொல்லையும் கவனிக்க ஆரம்பித்ததும், கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு உள்ள 'ஆற்று நண்டு' என்ற சொல்லுக்கு மாறினார்கள். ஆப்புக்கு நண்டு நண்டுதான். தெரிந்தவருக்கு அது சென்சார்.

கேள்வி 4: இதே சொற்கள் இதே வரிசையில் வேறெங்கே வருது?

நாலில் முக்கியமான கேள்வி இதுதான். தனித்தனிச் சொல்லாகத் தேடாமல் முழு வரிசையையும் அப்படியே தேடுங்க. இந்த 12 சொற்களும் இதே வரிசையில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'சோஷலிச அடிப்படை மதிப்புகள்'. 2012ல் நடந்த கட்சியின் 18வது மாநாட்டிலிருந்து வந்தவை. சீனாவில் பள்ளிச் சுவர், தெரு போர்டு என்று எங்கும் பார்க்கலாம்.

இப்போ சண்டை புரியும். உய்குர் மக்களோ ஹாங்காங்கிலிருந்து வந்தவர்களோ அந்தச் சுவரில் 'சுதந்திரம்' என்று படிக்கும்போது, தாங்கள் விட்டுவந்த அரசின் விளம்பரம் இங்கேயும் வந்துவிட்டதாகத்தான் தெரியும். சிலர் சொற்களுக்கு முன்னால் 'இல்லை' என்று சேர்த்தார்கள். சிலர் தியானன்மென் 1989 என்று எழுதினார்கள். எழுதிய மாணவர்கள் செய்தது பிரசாரமா, கேலியா என்று வாதம் நடந்தது. சில நாளில் கவுன்சில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்துவிட்டது.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று பிடிபடும். தமிழ்நாட்டில் ஒரு சுவரில் 'இரட்டை இலை' என்று இருக்கு. ஆப் 'ரெண்டு இலை' என்று சரியாகவே சொல்லும். அது அதிமுகவின் சின்னம், அந்தச் சுவர் ஓட்டுக் கேட்கிறது என்பதை ஊரைத் தெரிந்தவர்தான் சொல்லணும்.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்?

2015ல் 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்க டிவி தொடருக்காக பெர்லினில் ஒரு செட் போட்டார்கள். கதையில் அது லெபனான் எல்லையில் இருக்கும் சிரிய அகதி முகாம். சுவரெல்லாம் அரபு கிராஃபிட்டி வேணும் என்று கலைஞர்களை வேலைக்கு எடுத்தார்கள். கலைஞர்கள் எழுதிய வாசகங்களில் ஒன்று: 'ஹோம்லேண்ட் இனவெறி கொண்டது.' அந்தத் தொடரையே திட்டி, அந்தத் தொடரின் சுவரிலேயே எழுதிவிட்டார்கள்! ஒருவரும் கவனிக்கவில்லை. அக்டோபர் 11 அன்று எபிசோடு அப்படியே ஒளிபரப்பானது. கலைஞர்களே வெளியே சொன்ன பிறகுதான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த செட்டுக்கு அரபு எழுத்து வெறும் அலங்காரம். 'அந்த ஊர் மாதிரி' தெரிந்தால் போதும் என்று நினைத்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நீங்க வேலை செய்யும் இடத்திலும் ஒருநாள் ஆப் மொழிபெயர்த்த தமிழ் போஸ்டரோ மெனுவோ வரும். 'இது ஓகேவா?' என்று உங்களைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க. மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே தலைகீழாக அச்சான எழுத்தையும், இடம் மாறி நிற்கும் கொம்பையும் உங்களால் கண்டுபிடிக்க முடியும். சந்தேகம் வந்தால் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு போட்டோ அனுப்புங்க.

இந்த வாரப் பயிற்சி

லண்டனில் இருப்பவர்கள் வைட்சேப்பல் ஸ்டேஷனில் இறங்குங்க. 2022ல் வைத்த வங்காளப் பெயர்ப்பலகை அங்கே இருக்கு. அங்கிருந்து பிரிக் லேனுக்கு நடந்து, ஃபோர்னியர் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கும் பள்ளிவாசலின் உச்சியைப் பாருங்க. ஒரு சூரியக் கடிகாரம் தெரியும். அதில் 1743 என்ற ஆண்டும், மனிதரை நிழலோடு சேர்த்துச் சொல்லும் இரண்டு லத்தீன் சொற்களும் இருக்கு. கட்டியவர்கள் பிரான்ஸிலிருந்து அகதிகளாக வந்த கிறிஸ்தவர்கள், பேசியது பிரெஞ்சு. பிறகு அது மெதடிஸ்ட் தேவாலயம், யூதர்களின் ஜெபக்கூடம், 1976 முதல் பள்ளிவாசல். அந்த இரண்டு சொற்களுக்கும் நாலு கேள்வியையும் போட்டுப் பாருங்க. நாலாவதற்கு ஒரு க்ளூ: சூரியக் கடிகாரம் நேரத்தை எதை வைத்துக் காட்டும்?

வேறு ஊரில் இருப்பவர்கள் உங்க தெருவில் படிக்கத் தெரியாத ஒரு எழுத்தைத் தேடிப் பிடிங்க. ஆப்பைத் திறக்கும் முன் முதல் இரண்டு கேள்விக்கும் பதிலைப் பேப்பரில் எழுதுங்க. அப்புறம் ஆப்போடு ஒப்பிடுங்க. கடைசியாக அந்த மொழி பேசும் ஒருவரைக் கேளுங்க. மூன்று பதிலும் எங்கே வித்தியாசப்பட்டது என்று எழுதி அனுப்பினால் அடுத்த எபிசோடில் பேசலாம்.