காற்றால் குளிரும் வண்டியும் அதன் எண்ணெயும்

நீரின்றிக் காற்றினாலேயே குளிரும் மோட்டார் யந்திரத்தைப் பலர் எளியதென்று எண்ணுகின்றனர். நீர்த்தொட்டியில்லை, கசிவில்லை, கொதிப்புமில்லை. ஆயினும் அவ்வெளிமையே அபாயத்திற்கும் இடமாகின்றது. நீர் கொதிக்குமாயின் ஆவி எழுந்து நம்மை எச்சரிக்கும். இதுவோ அத்தகைய அறிகுறி காட்டாமலே உள்ளே கெடும். ஆதலின் இதன் உஷ்ணம் எங்ஙனம் நீங்குகின்றதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, ஜெர்மனி தேசத்து வோல்க்ஸ்வாகன் வேனைக் கொள்வோம். ஹாலந்து தேசத்தவராகிய பென் பொன் என்பார் 1947-ல் வரைந்த சிறு படத்தினின்றும் தோன்றிய இவ்வண்டி, 1950-ல் வோல்ப்ஸ்பர்க் நகரில் செய்யப்படலாயிற்று. அக்காலத்துப் பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பல தேசங்களில் உளர். யந்திரம் வண்டியின் பின்புறத்தில், பக்கத்திற்கு இரண்டாகப் படுத்த நான்கு சிலிண்டர்களோடு அமைந்துள்ளது. பெல்ட் ஒன்று டைனமோவையும், அதன் அச்சிற் பூட்டிய விசிறியையும் சுழற்றுகின்றது. விசிறி தள்ளும் காற்று தகட்டுறையினுள் ஓடிச் சிலிண்டர்களைக் குளிர்விக்கின்றது.

காற்று எட்டாத உட்பாகங்களின் உஷ்ணத்தை எண்ணெயே சுமந்து செல்லுகின்றது. முற்பட்ட வண்டிகளின் யந்திரம் கொள்ளும் எண்ணெய் இரண்டரை லிட்டரே. வடிகட்டியும் ஒரு கம்பிவலை மாத்திரமே. ஆகவே அளவு குறையாமற் பார்த்தலும், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புதிதாக மாற்றுதலும் இன்றியமையாதன.

உஷ்ணத்தில் எண்ணெய் நீர்த்துப்போமாதலால், மிகத் தடித்ததையே ஊற்றுதல் நலமென்று சிலர் கூறுவர். இது முற்றும் பொருந்தாது. எண்ணெய் தடித்திருக்குங்கால் அழுத்தம் மிகுந்து ஒரு வால்வு திறக்கும். அப்பொழுது எண்ணெயிற் பெரும்பகுதி குளிர்ப்பானுட் செல்லாமலே சுற்றிவரும். எண்ணெய் இளகியபின் வால்வு மூடிக்கொள்ள, அது குளிர்ப்பான் வழியே செல்லும். அளவுக்கு மேற்பட்ட தடிப்பு இவ்வாறு குளிர்ச்சிக்கே தடையாகின்றது. மிக மெல்லிய எண்ணெயோ உலோகங்களுக்கிடையே படலமாக நில்லாது. இடத்தின் உஷ்ணநிலையை நோக்கித் தெரிதலே முறை. மிதவெப்பமான இடங்களுக்கு 30 எண்ணுள்ளது ஏற்றது. 20டபிள்யூ-50 என்பது குளிரில் 20 எண்ணெய் போலும், உஷ்ணத்தில் 50 எண்ணெய் போலும் நடப்பதால் வெப்பமிக்க இடங்களுக்கு உதவும். துத்தநாகச் சேர்க்கை போதிய அளவு உள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். இவ்வகைப் பழைய யந்திரத்தின் உராயும் பாகங்களை அது காக்கின்றது.

எண்ணெய் மாத்திரம் போதாது. பழைய அமைப்பில் குளிர்ப்பான் விசிறியுறையின் உள்ளேயே நின்று, மூன்றாஞ் சிலிண்டருக்குரிய காற்றைத் தடுத்தது. அதனால் அச்சிலிண்டரின் புகைவால்வு மிகச் சூடேறி நீளும். நீளவே, இடைவெளி குறைந்து தன் இருக்கையிற் சரிவரப் பொருந்தாது. பொருந்தாவிடின் உஷ்ணத்தை வெளிவிடமாட்டாது முறியும். முறிந்த துண்டு பிஸ்டனையும் உடைத்துவிடும். 1971-ம் ஆண்டு மாதிரியில் குளிர்ப்பானுக்குத் தனிக் காற்றுவழி அமைத்து இக்குறை தணிக்கப்பட்டது. எவ்வண்டியிலும் வால்வு இடைவெளியை, யந்திரம் ஆறியிருக்கும்போது, அதற்கு விதித்த அளவிற்குச் சரிசெய்தல் தகும்.

யந்திர அறையைச் சூழ்ந்த இரப்பர் விளிம்பு சிதைந்திருப்பின், கீழே வெளிப்பட்ட சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். ஓடுங்கால் டைனமோவின் சிவப்பு விளக்கு எரியின் உடனே நிறுத்துக. பெல்ட் அறுந்திருப்பின் விசிறியும் நின்றிருக்கும். மலையேறும்போது கீழ்க் கியரை நாடுக. யந்திரம் விரைந்து சுழன்றாலன்றி விசிறியும் விரையாது. மேற்கியரில் திணறவிடுவதால் உழைப்பு மிகுந்து காற்றுக் குறையும்.

எச்சரிக்கும் குரல் இல்லாத யந்திரத்திற்கு ஓட்டுவோனது விழிப்பே குரலாதல் வேண்டும். புறப்படுமுன் எண்ணெய் அளக்கச் செலவிடும் ஒரு நிமிஷம், நெடுவழியில் யந்திரம் முழுதும் பாழாவதைத் தடுக்குமென்பதை நாம் மறவாதிருப்போமாக.