சத்தம் வருமுன்னே ஆயத்தம்
(காக்ளியர் இம்ப்ளாண்ட் பெறவிருக்கும் குழந்தைக்கு வீட்டுப் பாடம்)



இராஜபாளையத்தில் பஞ்சாலை வேலைக்குச் செல்லும் ஒரு தாயார், தமது இரண்டரை வயது மகளை எங்களிடம் தூக்கி வந்தார். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா சிஸ்டர், லாரி போனா மட்டும் பாக்குறா" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பாட்டியோ, "இவ அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பொறுங்க" என்று சொல்லி வந்ததால் ஒரு வருடம் கடந்துவிட்டது. லாரியின் அதிர்வை உடல் உணர்ந்ததே தவிர, காது கேட்கவில்லை. பரிசோதனையில் இரு காதுகளிலும் மிகக் கடுமையான செவித்திறன் குறைவு என்று தெரிந்தது.

இக்குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்த ஏற்பாடு நடக்கிறது. ஆபரேஷனுக்கு முந்திய மாதங்களில் வீட்டார் செய்ய வேண்டியவற்றை இவ்விதழின் பாடமாகத் தருகிறோம். உங்கள் உறவிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் இதை எடுத்துக் கொடுங்கள்.

கருவி செய்வது என்ன?

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் உறுப்பே காக்ளியா. அதிலுள்ள நுண்ணிய மயிர் செல்கள் ஒலியை நரம்புக்குரிய மின் குறிப்பாக மாற்றுகின்றன. அவை பெரும்பாலும் கெட்டுவிட்டால், ஹியரிங் எய்டு ஒலியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பேச்சு தெளிவாக விளங்காது. இம்ப்ளாண்ட் அச்செல்களைத் தாண்டி நேரே நரம்பைத் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் கிரேம் கிளார்க்கின் தகப்பனாருக்குக் காது மந்தம். 1977ல் கடற்கரையில் கிடந்த சங்கு ஒன்றினுள் புல்லைச் செலுத்திப் பார்த்து, வளைந்த உறுப்பினுள் மின்முனைக் கம்பியை நுழைக்கும் வழியை அவர் கண்டார். 1978ல் மெல்போர்னில் தமது முதல் நோயாளிக்குக் கருவியைப் பொருத்தினார்.

ஏன் தாமதம் கூடாது?

ஏறக்குறைய மூன்றரை வயதுவரை மூளையின் கேட்கும் பகுதி ஒலிக்கு எளிதில் பழகும். பிறகு அந்த இணக்கம் குறைகிறது. மூளைக்காய்ச்சலால் செவித்திறன் போன குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம். உட்செவியில் எலும்பு வளர்ந்து, கம்பி நுழைய இடமில்லாமல் போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தகுதி பார்க்கும் காலத்தில் தரப்படும் ஹியரிங் எய்டை, குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டுவிடுங்கள். பயன் கொஞ்சமாகத் தோன்றினாலும் காதில் கருவி அணியும் பழக்கம் வரும். நாடாவால் கட்டி, சட்டையோடு ஊக்கு குத்திவிட்டால் தொலையாது.

2. "சத்தம் வந்தால் செய்" என்ற விளையாட்டைப் பழக்குங்கள். இந்தத் தாயாருக்கு, மில்லில் நூல் சுற்றும் காகிதக் கோன்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். குழந்தையின் ஒரு கை மேளத்தின் மேல் இருக்கும். அடித்த அதிர்வு தெரிந்ததும் ஒரு கோனை மற்றொன்றின்மேல் அடுக்க வேண்டும். இம்ப்ளாண்ட் வைத்தபின் கருவியின் அளவுகளைச் சரிசெய்ய, குழந்தை காட்டும் இந்தப் பதில் மிகவும் உதவும்.

3. குழந்தையின் முகமட்டத்தில் அமர்ந்து சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தெலுங்கிலேயே பேசலாம். கைச்சாடையைத் தடுக்க வேண்டாம். குழந்தையின் மனதுக்கு இன்றைக்கும் ஒரு மொழி வேண்டும்.

4. சளி, காதில் சீழ் இருந்தால் உடனே வைத்தியம் செய்யுங்கள். நிமோகாக்கல் தடுப்பூசியை ஆபரேஷனுக்கு முன்பே போட வேண்டும். ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள்.

5. வரப்போவதை வார்த்தையால் சொல்ல முடியாது. விளையாட்டால் சொல்லுங்கள். பொம்மையின் தலையில் துணிக்கட்டு போட்டு, தூங்கவைத்து, எழுப்பிக் காட்டுங்கள்.

6. பெரியவர்களின் மனதையும் ஆயத்தப்படுத்த வேண்டும். ஆபரேஷன் அன்றே காது கேட்காது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் கழித்தே வெளிக்கருவியை இணைப்பார்கள். முதல் சத்தத்துக்குக் குழந்தை அழலாம், ஒன்றுமே காட்டாமலும் இருக்கலாம். பிறகு பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் நடக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவில் முன்னேறுவதில்லை. கருவியைக் கழற்றினால் மீண்டும் நிசப்தமே.

இங்கேதான் எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தகுதியுள்ள குடும்பங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தச் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆகவே பணக்கவலை தீர்ந்தது என்று எண்ணினோம். அந்தத் தாயார் கேட்டார்: "வாரா வாரம் பயிற்சிக்கு மதுரைக்குப் போனா, என் ஷிப்ட் போயிடுமே?" எங்களிடம் பதில் இல்லை.

அருகே மௌனமாக இருந்த பாட்டிதான் பதில் சொன்னார். "ஒரு வருஷத்த நான்தான் வீணாக்கினேன். பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன்." இப்போது பயிற்சி அறையில் அவரும் தாயோடு உட்கார்ந்து கற்கிறார். பஸ் கட்டணமும், பின்னாளில் வேண்டிய பேட்டரியும் வயரும் போன்ற சிறு செலவுகளுக்கே உங்கள் காணிக்கை பயன்படுகிறது.

ஆபரேஷன் நாள் இன்னும் வரவில்லை. சென்ற முறை பார்த்தபோது, அச்சிறுமி கோனைக் கையில் பிடித்து, மேளத்தின்மேல் மறு கையை வைத்து, அசையாமல் காத்திருந்தாள். முன்பெல்லாம் உடனே வீசி எறிவாள். அவள் இன்னும் எதையும் கேட்கவில்லை. ஆனால் வரப்போகும் சத்தத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். அவளையும் அந்தப் பாட்டியையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.